ஒரு கைச் சோறு

காசிராஜனுக்குத் தன் பெண்டாட்டி மேல் பொறாமை வந்தது ஒரு நாயினால் என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் நம்பவேண்டிய அவசியமே இல்லை, கண்ணால் பார்த்தார்கள். இடைசெவலிலிருந்து மேற்கே மண்பாதையில் போனால் வருகிற சின்ன ஊர் அது. நூறு வீடு இருந்தால் அதிகம். அங்கே ஒருத்தன் காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், சாயங்காலத்துக்குள் அதன் காரணம் டீக்கடைக்கு வந்து சேர்ந்துவிடும்.

நாயின் பெயர் சூரன். கன்னி என்கிற வேட்டைச் சாதி நாய். மை மாதிரிக் கறுப்பு, கால் நாலிலும் செம்பழுப்பு, கண்ணுக்கு மேலே ரெண்டு செம்பழுப்புப் பொட்டு, முதுகோடு ஒட்டின வயிறு. புதூர்ப் பக்கத்தில் இருக்கிற மச்சினன் பாண்டிராஜ், அதாவது வள்ளிமயிலின் தம்பி, கொடுத்த குட்டி. அவர்கள் வீட்டில் குட்டியை விலைக்குக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. வாங்க வருகிறவன் ஒரு படி கம்பும் ஒரு புதுத் துண்டும் கொண்டுபோக வேண்டும். கம்பை அந்த வீட்டுத் தானியக் குலுக்கையில் கொட்டிவிட்டு, துண்டில் குட்டியை ஏந்திக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். வந்த வீட்டில் முதல் சோறு எந்தக் கை வைக்கிறதோ அந்தக் கைதான் அதற்குக் கடைசி வரைக்கும் எசமான். வேறு கை படக் கூடாது.

காசிராஜன் அதோடு நிற்கவில்லை. அவனுடைய அய்யா காலத்து முறை ஒன்று இருந்தது. குட்டிக்கு நாலு மாசம் ஆனதும் அக்கம்பக்கத்து ஆட்கள் அஞ்சாறு பேரைக் கூப்பிட்டான். ஆளுக்கு ஒரு சோற்று உருண்டையைக் கொடுத்தான். உள்ளே மிளகாய் வத்தல்பொடி. ஒவ்வொருத்தராகக் குட்டிக்கு வைக்கச் சொன்னான். குட்டி வாயில் போட்டதும் வீல் என்று கத்தி, கரிசல் மண்ணில் மூஞ்சியைத் தேய்த்துக்கொண்டு ஓடியது. கடைசியில் அவனே போய் மோர்ச்சோறு வைத்தான். இப்படி மூன்று நாள். மற்றவன் கைச் சோறு காந்தும், தன் கைச் சோறு குளிரும் என்று குட்டிக்கு விளங்கவேண்டும், அவ்வளவுதான்.

வள்ளிமயில் கையிலும் ஒரு உருண்டையைக் கொடுத்தான். அவள் மாட்டேன் என்றாள். "வீட்டாளுன்னா மட்டும் விட்டுற முடியுமா? வையிட்டி" என்று அதட்டினான். வைத்தாள். குட்டி கத்தியதும் அடுப்படிக்குள் போனவள் அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் வெளியே வரவில்லை. மற்றது எல்லாம் கம்பால் பழக்கினான். உட்காரு என்றால் உட்கார வேண்டும், தாமதித்தால் புட்டத்தில் ஒரு சுளீர். கூப்பிட்ட குரலுக்கு வராவிட்டால் ரெண்டு.

ஒரு வருசத்தில் சூரன் அவன் சொன்ன பேச்சைத் தட்டாத நாயாக ஆகிவிட்டது. காசிராஜனுக்கு மூன்று ஏக்கரில் மக்காச்சோளம். கதிர் பால் பிடிக்கிற பருவத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே மேய்ச்சலில் அரை ஏக்கர் தரையோடு படுத்துவிடும். பொழுது சாய்கிற நேரம் சூரனைக் கூட்டிக்கொண்டு புஞ்சைக்குப் போவான். ஒரு விசில், அம்பு மாதிரிப் பறக்கும். இன்னொரு விசில், அந்த இடத்திலேயே நிற்கும். வரப்பில் நின்று பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். காசிராஜன் மீசைக்குள் சிரித்துக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரிப் பீடி பற்றவைப்பான். அவன் வாழ்க்கையில் அவன் சொல்லி உடனே நடந்த காரியம் என்று வேறு எதுவும் இருந்ததில்லை. மழை அவன் பேச்சைக் கேட்டதில்லை, பருத்தி கேட்டதில்லை, கோவில்பட்டி மார்க்கெட் கேட்டதே இல்லை.

ஐப்பசி மழையில் கரிசல் மண் பைக் சக்கரத்தோடு அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, வண்டி ஒருக்களித்து அவன் மேலேயே விழுந்தது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு ரெண்டாகிவிட்டது. கோவில்பட்டியில் பதினேழு நாள் ஆஸ்பத்திரி. அந்த ஊரிலேயே வாக்கப்பட்டிருந்த அவன் அக்கா செண்பகவல்லி கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். மகள் இந்துஜாவும் அத்தை வீட்டில் இருந்துதான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஊரில் வள்ளிமயில் தனியாக. காலையில் வேலைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேன், சாயங்காலம் புஞ்சை, நடுவில் நாய்.

மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியோடு வந்தவள், சூரன் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடக்கிறது என்று சொன்னாள். வாசலைப் பார்த்தபடியே படுத்திருக்கிறதாம். சோற்றுச் சட்டியைப் பக்கத்தில் கொண்டுபோனால் பின்னாலே நகருகிறதாம்.

காசிராஜனுக்குக் கால் வலி அந்த நிமிசமே பாதி குறைந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்து, "கேட்டீகளா அண்ணாச்சி, என் கையத் தவிர தொடாது" என்றான். அவர் குடல்வால் ஆபரேசன் பண்ணிக் கிடந்தவர். சிரிக்கவும் முடியாமல் தலையை ஆட்டினார். காசிராஜன் அன்றைக்கு வந்த நர்ஸிடமும் சொன்னான், மாவுக்கட்டுப் பார்க்க வந்த டாக்டரிடமும் சொல்லப் பார்த்தான்.

"அது செத்துப்போயிரும்ங்க" என்றாள் வள்ளிமயில்.

"செத்தா சாவட்டும். அடுத்தவன் கையில திங்குற நாய் எனக்கு எதுக்கு?"

அவள் தூக்குச்சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஏழாம் நாள் வந்தபோது அவனே கேட்டான். சூரன் எப்படிக் கிடக்கிறான் என்று.

"சாப்புட்டுட்டான்" என்றாள், ரசத்தை ஊற்றிக்கொண்டே.

அந்த ஒரு வார்த்தையை அவனால் விழுங்க முடியவில்லை. நாய் பிழைத்ததே என்று சந்தோசப்பட வேண்டியவன், நெஞ்சுக்குள் யாரோ வத்தலைக் கிள்ளிப் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தான். எப்படிச் சாப்பிட்டது என்று கேட்கவும் கௌரவம் விடவில்லை. ரசம் புளிப்பாக இருக்கிறது என்று அவள் மேல் எரிந்து விழுந்தான். செண்பகவல்லி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, நல்லாத்தானே இருக்கு என்றாள்.

எப்படி என்கிற விசயத்தை, பார்க்க வந்த கண்ணபிரான் சொன்னான். அவன் புஞ்சை இவன் புஞ்சைக்கு அடுத்த வரப்பு. வாயும் அப்படித்தான், வரப்பைத் தாண்டித்தான் மேயும். வள்ளிமயில் நாய்க்கென்று சட்டியே வைக்கவில்லையாம். தன் தட்டை எடுத்துக்கொண்டு போய், அதற்கு முதுகைக் காட்டி மண்ணில் உட்கார்ந்து, தான் சாப்பிட்டாளாம். பாதியில் தட்டை அப்படியே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் எழுந்து போய்விடுவாளாம். மறுநாளும் அதே மாதிரி, ஒரு முழம் பக்கத்தில். அதற்கு மறுநாள் இன்னும் ஒரு முழம். பேசிக்கொண்டே சாப்பிடுவாளாம், நாயோடு இல்லை, சும்மா வேலியைப் பார்த்து. நாலாம் நாள் மழை பெய்துகொண்டிருந்தபோது, நாயே எழுந்து வந்து அவள் தட்டில் வாயை வைத்ததாம்.

"நீ அடிச்சுப் பழக்குன ஒரு வருசத்த அவ நாலு நாளுல கழுவி விட்டுட்டா மச்சான்" என்று சிரித்தான் கண்ணபிரான்.

வீடு திரும்பிய அன்று சூரன் தெருமுனைக்கே ஓடி வந்தது. ஆட்டோவுக்குள் முன்காலைத் தூக்கி வைத்து முகத்தை நக்கியது. காசிராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவனை இறக்கிக் கட்டிலில் சாய்த்துவிட்டு வள்ளிமயில் அடுப்படிக்குப் போனாள். நாய் கட்டிலை ஒரு தடவை முகர்ந்து பார்த்தது. பிறகு எழுந்து அவள் பின்னாலேயே போய் அடுப்படி வாசலில் படுத்துக்கொண்டது.

அன்றைக்கு ஆரம்பித்தது. கால் கட்டோடு கட்டிலில் கிடக்கிறவனுக்கு வேறு வேலை என்ன? நாள் முழுக்க அவன் அந்த ரெண்டு பேரையும் வேவு பார்த்தான். அவன் உட்காரு என்றால் நாய் உட்காரத்தான் செய்தது, காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, வாலை அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு. அவள் ஒன்றுமே சொல்வதில்லை. புறப்படுகிறபோது நாக்கை மடித்து 'ச்சு' என்று ஒரு சத்தம். நாய் துள்ளி எழுந்து அவளுக்கு முன்னால் புஞ்சைக்கு ஓடும். கயிறு இல்லை, கம்பு இல்லை. பன்றி வருகிறதா என்று அவன் கேட்டால், நேத்து ரெண்டு வந்துச்சு, வெரட்டிட்டான் என்று சாதாரணமாகச் சொல்லுவாள். அவள் சாதாரணமாகச் சொன்னதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. பெருமையடித்திருந்தாலாவது ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கண்ணபிரான் போனில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினான். இப்போது எங்கேயுமே நாயை அடிப்பதில்லையாம். சொன்னதைச் செய்தால் ஒரு துண்டு தின்னக் கொடுக்க வேண்டுமாம், செய்யாவிட்டால் கண்டுகொள்ளாமல் விட்டுவிட வேண்டுமாம். நாய் தானாகவே யோசித்துப் பழகுமாம்.

"லஞ்சம் வாங்குத நாய் காவலுக்கு ஆகுமாலே?" என்றான் காசிராஜன்.

வாயால் அப்படிச் சொன்னவன், மறுநாள் வள்ளிமயில் வேனுக்குப் போனதும் தெருவில் போன பையனிடம் காசைக் கொடுத்து டீக்கடையிலிருந்து ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கிவரச் சொன்னான். தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்துக்கொண்டான். சூரனைக் கூப்பிட்டு ஒன்று கொடுத்தான். தின்றது. இன்னொன்று கொடுத்தான். அதையும் தின்றது. பாக்கெட் முழுக்கத் தின்று முடித்துவிட்டு, வாயை நக்கிக்கொண்டு, வேன் வருகிற திசையைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. தலையணையில் எறும்பு ஏறியதுதான் மிச்சம். எறும்பு எப்படி வந்தது என்று வள்ளிமயில் கேட்டபோது, வீட்டைக் கூட்டினால்தானே என்று பாய்ந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணபிரானும் அவன் பெண்டாட்டி பிரேமலதாவும் இன்னும் மூணு நாலு பேரும் காசிராஜன் வீட்டு முற்றத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு நாயிடம் வந்தது. யார் கூப்பிட்டால் வரும் என்று ஒரு கை பார்த்துவிடலாம் என்று கண்ணபிரான் கொளுத்திப் போட்டான். வள்ளிமயில் வேண்டாம் என்றாள். காசிராஜன்தான் பிடிவாதம் பிடித்தான். அவனை முற்றத்தின் இந்தக் கோடியில் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவளை அந்தக் கோடியில் வேப்பமரத்தடியில் நிற்கவைத்தார்கள். நாயை நடுவில் விட்டார்கள்.

"சூரா, வாலே இங்க" என்றான் காசிராஜன், புஞ்சையில் கூப்பிடுகிற அதே குரலில்.

நாய் அவனைப் பார்த்தது. ரெண்டு எட்டு எடுத்து வைத்தது. அங்கே வள்ளிமயில் கூப்பிடக்கூட இல்லை. தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். அவனுக்காகத்தான் அவள் கூப்பிடவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது, அதுதான் இன்னும் மோசம். நாய் நடுவழியில் நின்றது, அவனைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, தரையோடு தரையாக ஒரு முனகல் முனகியது. பிறகு திரும்பி அவளிடம் போய் அவள் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பிரேமலதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணபிரான் பொத்தாமலே சிரித்தான்.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனைக்கும் அவள் அவனுக்கு ஒரு குறை வைக்கவில்லை. வெந்நீர் வைத்தாள், வேட்டி மாற்றிவிட்டாள், கட்டுக்குள் அரிக்கிறது என்றால் பனை ஈர்க்கு கொண்டுவந்து சொரிந்துவிட்டாள். ஆனால் எல்லாமே வாய் திறக்காமல். கேட்டதற்குப் பதில், அதற்கு மேலே ஒரு வார்த்தை கிடையாது. அது அவனுக்கு எப்போதுமே ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. அவள் சுபாவம் அப்படி என்றுதான் பதிமூன்று வருசமாக நினைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு சாயங்காலம் வேனை விட்டு இறங்கி வந்தவள், முற்றத்தில் நாய்க்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அவன் தூங்குகிறான் என்று நினைத்துவிட்டாள். கையைத் தேய்த்துக்கொண்டே சூரனிடம் பேச ஆரம்பித்தாள்.

"மணிக்கட்டு விட்டுப்போச்சுடா. மூணு மாசமா இப்படித்தான். பெட்டி அடைக்கையில வலி ஏறி கொமட்டிக்கிட்டு வருது. அந்தச் சூப்பர்வைசர் என்ன சொன்னாம் தெரியுமா? வீட்டுல இருக்கலாம்லங்கான். வீட்டுல இருந்தா ஆஸ்பத்திரி மருந்துக்கு அவனா குடுப்பான்?" நாய் அவள் கையை முகர்ந்தது. அவள் சிரித்தாள். "நீ நக்குனா சரியாப் போயிருமாக்கும். சரி நக்கு. இந்துஜா போன்ல பாடுனாடா, கேட்டியா? கிளாசுலயே பாட்டுல மொதல்ல அவதானாம்."

காசிராஜன் கண்ணை மூடிக் கிடந்தான். மணிக்கட்டு வலி அவனுக்குத் தெரியாது. மகள் பாடுவாள் என்பது தெரியாது. அவள் சிரிப்புக்கு அப்படி ஒரு சத்தம் உண்டு என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது. இதுவரைக்கும் நாயை வைத்து அவள் மேல் பொறாமைப்பட்டவனுக்கு, இப்போது அவளை வைத்து நாய் மேல் பொறாமை வந்தது. ரெண்டும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு எது எது என்று தெரியாமல் போயிற்று. தன் வீட்டில் தான் ஒருத்தன்தான் வெளியாள் என்று நினைத்தான். அந்த நினைப்பில்தான் அடுத்த நாள் அந்தக் காரியத்தைச் செய்தான்.

காலை ஏழு மணி, குழாயில் தண்ணீர் வருகிற நேரம். வள்ளிமயில் நாய்க்குச் சோற்றைப் பிசைந்து அடுப்படி வாசலில் வைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்; சூரனும் அவள் பின்னாலேயே போனது. காசிராஜன் ஆஸ்பத்திரியில் கொடுத்த ஊன்றுகட்டையைப் பிடித்து எழுந்தான். ஒரு மாசத்தில் அவன் தானாக எழுந்தது அதுதான் முதல் தடவை. வத்தல்பொடி டப்பாவை எடுத்து, ரெண்டு கரண்டி அள்ளிச் சோற்றில் போட்டுக் கலக்கினான். கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் வந்து உட்கார்ந்தான். ஒரே ஒரு நாள் அவள் கைச் சோறு காந்தினால் போதும். நாய் பழையபடி தன்னிடம் வந்துவிடும். அப்படித்தான் கணக்குப் போட்டான்.

அவள் சூரனோடு திரும்பி வந்தாள். குடத்தை இறக்கிவிட்டுச் சட்டியை நாய் முன்னால் நகர்த்தினாள். சூரன் மோந்து பார்த்தது. உடம்பை வெட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டது. அதற்கு அந்த வாடை மறக்குமா? சட்டியைப் பார்த்தது, அவள் முகத்தைப் பார்த்தது.

"என்னடா, சாப்புடு. நேரமாச்சு, வேன் வந்துரும்."

நாய் சாப்பிட்டது. ஒரு வாய் எடுத்ததும் தும்மியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. மறுபடி அவள் முகத்தைப் பார்த்தது, மறுபடி குனிந்து சாப்பிட்டது. எச்சில் நூலாக ஒழுக, உடம்பு நடுங்க, சட்டியை வழித்து நக்கி முடித்துவிட்டுத்தான் மண்ணில் மூஞ்சியைத் தேய்க்கப் போனது. ஓடவில்லை, கத்தவில்லை. தேய்த்துவிட்டுத் திரும்பி வந்து அவள் காலடியில் தலையை வைத்துப் படுத்தது. காசிராஜன் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

வள்ளிமயில் சட்டிக்குள் ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அவனைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே போய் மோர் கொண்டுவந்து சூரனுக்கு ஊற்றினாள். அது குடித்து முடிக்கிறவரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தெருவில் வேன்காரன் ரெண்டு தடவை ஆரன் அடித்துவிட்டுப் போய்விட்டான்.

"நீங்க போட்டீங்களா?"

"என் நாய்ட்டி அது" என்றான்.

"ஒங்க நாய்தான். நான் பறிச்சுக்கிடணும்னு ஒண்ணும் செய்யல. கெடந்து சாகுதேன்னு செஞ்சேன்." அவள் சத்தம் போடவில்லை. "காந்தும்னு அதுக்குத் தெரிஞ்சிட்டுது. நான் சொன்னேம்னு தின்னுச்சு. என்ன நம்பித் தின்னுச்சு. அன்னைக்கும் என் கையாலதான் வைக்கச் சொன்னீங்க, இன்னைக்கும் என் கையாலதான் வச்சிருக்கீங்க. ஒங்களுக்கு வேணும்னா என்னத் திட்டிருக்கலாம்ல?"

அவள் சட்டியைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். அழவில்லை. காசிராஜனுக்கு அன்று முழுக்கத் தரையைப் பார்ப்பதே வேலையாக இருந்தது. சூரன் வயிறு கெட்டு ரெண்டு நாள் படுத்துக் கிடந்தது. அந்த ரெண்டு நாளும் அவனும் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் ஏன் என்றும் கேட்கவில்லை, எப்போதும் போலத் தட்டை வைத்தாள், எப்போதும் போல எடுத்துப் போனாள்.

மார்கழி பிறந்து கட்டுப் பிரித்தார்கள். மக்காச்சோளம் ஒடித்துக் களம் சேர்த்தாயிற்று. ஒரு பொழுதடைகிற நேரம், வெயில் இன்னும் கூரை மேல் இருக்கையில், வள்ளிமயில் முற்றத்துப் படியில் உட்கார்ந்து சுளகில் பாசிப்பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாய் வேப்பமரத்தடியில் கிடந்தது. காசிராஜன் கட்டையை ஊன்றி மெள்ள வந்து அதே படியில், அவளுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தான். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் ஒன்றைக் கற்றுக்கொள்ளக் கேட்டான்.

"அத எப்படிக் கூப்புடுத நீ?"

அவள் பயற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒண்ணும் இல்ல. கையில கம்ப வச்சிக்கிட்டுக் கூப்புடாதீங்க. வந்தா அது மூஞ்சியப் பாருங்க. வரலன்னா சும்மா இருங்க."

அவன் கட்டையைத் தூரத் தள்ளிவிட்டான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சூரா" என்றான். அதட்டாமல் கூப்பிட அவனுக்கு வரவில்லை, ஏதோ கெஞ்சுகிற மாதிரி வந்தது. அது அவனுக்கே வெட்கமாக இருந்தது. நாய் தலையைத் தூக்கியது. வள்ளிமயிலைப் பார்த்தது.

"போடா. கூப்புடுதாவல்ல" என்றாள்.

அவள் சொன்ன பிறகுதான் அது எழுந்தது. அது அவனுக்கு உறைத்தது. உறைத்தாலும் பரவாயில்லை என்று இருந்தான். நாய் ஒவ்வொரு எட்டாக வைத்து வந்தது. ஒரு தடவை நின்றது. அவன் சும்மா இருந்தான். மறுபடி வந்தது. வந்து அவன் நல்ல காலின் முட்டில் மூக்கை வைத்தது. வாலின் நுனி மட்டும் லேசாக ஆடியது. தலையைத் தடவிக் கொடுக்கலாம் என்று கையைத் தூக்கினான்.

கை மேலே போனதுதான் தாமதம், சூரன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. அடி விழும் என்று காத்துக் கிடந்தது. தடவத்தானே தூக்கினேன் என்று சொல்வதற்காக அவன் வள்ளிமயில் பக்கம் திரும்பினான்.

அவள் சுளகை மார்போடு அணைத்துக்கொண்டு, கழுத்தைத் தோளுக்குள் இழுத்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவன் அவளை அடித்து ஆறு வருசம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டையே இல்லை என்றுதான் அவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் காசிராஜன் அப்படியே உட்கார்ந்திருந்தான்.